மாமரத்தில் தொங்குவது புல்லுருவியா, ஆர்கிட்டா? வெட்டும் முன் வேரைப் பாருங்க!

பாகூர் பக்கம் பழைய மாந்தோப்பில், கிளை மேல் வேறொரு செடி தெரிந்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "புல்லுருவிப்பா, வெட்டிப் போடு." கொஞ்சம் பொறுங்க. அது 'வாண்டா டெசெல்லாட்டா' என்ற காட்டு ஆர்கிட்டாகவும் இருக்கலாம். சோழமண்டலக் கரைக்குச் சொந்தமான இந்தச் செடி மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

புல்லுருவி தன் வேரைக் கிளைக்குள் இறக்கி நீரையும் சத்தையும் எடுக்கும். ஒட்டிய இடம் முண்டாக வீங்கியிருக்கும்.

ஆர்கிட்டின் வேர்களோ கயிறு போலத் தடித்து, பட்டையின் மேலேயே ஊர்ந்து, காற்றில் தொங்கும். வார் போன்ற இலைகள் தண்டின் இருபுறமும் வரிசையாக இருக்கும். இலை நுனி கடித்துவிட்டது போல் ஒழுங்கில்லாமல் இருக்கும். மஞ்சள் கலந்த பச்சைப் பூவிதழ்களில் பழுப்பு நிறக் கட்டங்கள், நடுவில் நீல ஊதா உதடு. வாசனையும் உண்டு.

மண் இல்லாமல் எப்படி வாழ்கிறது?

வேரைச் சுற்றி 'வெலமன்' என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பட்டதும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது வெள்ளை வேர் பச்சையாக மாறும். உள்ளே பச்சையம் இருப்பதால் வேரும் உணவு தயாரிக்கும். வெயிலில் நீர் வீணாகாமல் இருக்க, இலைத்துளைகளை இரவில்தான் திறக்கும். ஒரு வகையில் நைட் ஷிஃப்ட்!

பெயரிலேயே பழி

இந்தச் செடியை 1795-ல் வில்லியம் ராக்ஸ்பர்க் தனது சோழமண்டலக் கரைத் தாவர நூலில் விவரித்தார். டெசெல்லாட்டா என்றால் கட்டம் போட்டது. ஆனால் 'வாண்டா' என்ற சமஸ்கிருதப் பெயர், மரத்தில் ஒட்டி வளரும் ஒட்டுண்ணிச் செடிகளைக் குறிப்பது. செய்யாத குற்றத்துக்குப் பெயரிலேயே தண்டனை!

வீட்டுக்குப் பிடுங்கி வரலாமா?

வேண்டாம். ஆர்கிட் காய்க்குள் தூசி போல எக்கச்சக்கமான விதைகள் இருக்கும். ஆனால் எதிலும் உணவுச் சேமிப்பு கிடையாது. சரியான பூஞ்சை துணைக்குக் கிடைத்தால்தான் காட்டில் விதை முளைக்கும். பூக்கும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் ஒரு செடியைப் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வருவது சுலபமில்லை. சில பகுதிகளில் 'ராஸ்னா' என்று மருந்துக்காகவும் இதன் வேரை எடுக்கிறார்கள். ஆர்கிட் குடும்பத்தின் சர்வதேச வணிகத்தையே 'சைட்டிஸ்' ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது.

நாம் செய்யக்கூடியது

தோப்பைச் சுத்தம் செய்யும்போது கிளைக்குள் வேர் இறங்கியிருந்தால் மட்டும் அந்தக் கிளையை வெட்டுங்க. மேலே ஊர்ந்தால் விட்டுடுங்க. காற்றில் மரம் சாய்ந்து, அதில் ஆர்கிட் இருந்தால், வேர் உடையாமல் எடுத்துப் பக்கத்தில் உள்ள சொரசொரப்பான பட்டையுள்ள பழைய மரத்தில் சணல் கயிற்றால் கட்டிவிடலாம். புது வேர் விட்டுப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.