ஒரு விமானத்தில் விரிசல், எல்லா விமானத்துக்கும் ஆணை

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கம் லாரியோ போர்வெல் ரிக் வண்டியோ வைத்திருப்பவர்களுக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி நெருங்கினால் வண்டி பட்டறைக்குப் போகும். பிரேக், லைட், பெயின்ட், ஒளிரும் பட்டை எல்லாவற்றையும் சரிசெய்து, அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கி வருவார்கள். விமானத்துக்கும் இப்படிக் காலக்கெடு வைத்த சோதனைகள் உண்டு. அதற்கு மேலும் ஒன்று உண்டு. லாரித் தொழிலில் அதைப் பார்ப்பது அரிது. ராஜஸ்தானில் ஓடும் ஒரு லாரியின் அச்சு திடீரென முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக மல்லசமுத்திரத்தில் நிற்கும் அதே மாடல் லாரியை, அச்சைச் சோதிக்காமல் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்று அன்றிரவே சட்டப்படி நிறுத்திவைப்பார்களா? விமானத்தை நிறுத்துவார்கள்.

அப்படி நிறுத்தும் உத்தரவுக்குப் பறக்கும் தகுதி ஆணை என்று பெயர். விமானப் பராமரிப்பில் இருப்பவர்கள் சுருக்கமாக ஏ.டி. என்பார்கள். எந்த மாடல், எந்தெந்த வரிசை எண்கள், எந்த உதிரிபாகம், என்ன சோதனை, எத்தனை நாளுக்குள் என்று அதில் துல்லியமாக எழுதியிருக்கும். ஆணையை நிறைவேற்றாத விமானம் பறக்கும் தகுதியை இழந்துவிடும். அதன் பிறகு அதை ஓட்டுவது சட்ட மீறல்.

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. 2018 மார்ச்சில் தொடங்கி, நடுவில் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கிய சேவையில் அங்கே வந்து இறங்கியவை ஏ.டி.ஆர். 72 ரக விமானங்கள். பிரான்ஸும் இத்தாலியும் கூட்டாக நடத்தும் நிறுவனம் துலூஸ் நகரில் அவற்றைத் தயாரிக்கிறது. இன்ஜின் பிராட் அண்ட் விட்னியின் கனடா நிறுவனம் வடிவமைத்தது. ஆகவே உடற்பகுதியில் கோளாறு தெரிந்தால் ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஆணையிடும். இன்ஜினில் என்றால் கனடா அரசு. ஒரு பொருளை வடிவமைத்த நாடுதான் அதன் குறையை மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச ஒப்பந்தம். இந்தியாவில் அந்த ஆணைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் வேலை. ஓமலூர் மண்ணில் இறங்கும் ஒரு சின்ன விமானத்தை ஐரோப்பா, கனடா, இந்தியா என மூன்று இடத்து அதிகாரிகள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விமானத்தின் இறக்கை முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை ஓடுவதைப் பார்க்கலாம். உறைபனி படிந்தால் பட்டைக்குள் காற்றை நிரப்புவார்கள். பட்டை உப்பும், பனி உடைந்து விழும். நமக்கு எதற்குப் பனி என்று தோன்றும். சேலத்து வெயில் எத்தனை டிகிரி ஆனாலும், ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கிவிடும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ரோஸ்லான் என்ற ஊருக்கு அருகே ஒரு ஏ.டி.ஆர். 72 விழுந்து 68 பேர் இறந்தார்கள். சிகாகோவில் இறங்க அனுமதி கிடைக்காமல் மேகத்துக்குள் வட்டமடித்தபோது, பெரிய நீர்த்துளிகள் ரப்பர் பட்டைக்குப் பின்னால், பட்டையால் உடைக்க முடியாத இடத்தில், வரப்புபோல உறைந்துவிட்டன. இறக்கையின் மேல் காற்றோட்டம் குலைந்து, விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் தகடு தானாகவே புரண்டது. அதன் பிறகு வெளி இறக்கையில் பட்டையைப் பின்னோக்கி நீட்டினார்கள். அந்த மாற்றம் கட்டாயமாக்கப்பட்டது. இன்றைய ஏ.டி.ஆரில் அந்தப் பட்டை அத்தனை அகலமாக இருப்பதற்கு அந்த 68 உயிர்கள் காரணம்.

எல்லாக் குறையும் இப்படி வெளியே தெரியும் பட்டை அளவில் இருப்பதில்லை. உலோகச் சோர்வுதான் மிகவும் பொல்லாதது. விமானம் மேலே போனதும் பயணிகள் மூச்சுவிடுவதற்காக உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள். ஜெட் விமானத்தில் இந்த அழுத்தம் உடல் தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கு மேல் வெளியே தள்ளும். இறங்கியதும் தளரும். மறுபடி ஏறும்போது மறுபடி தள்ளும். ஒரு தடவை தாங்கும் தகடு ஐம்பதாயிரம் தடவை தாங்கும் என்று சொல்ல முடியாது. ரிவெட் அடித்த துளையின் விளிம்பில் மயிரிழை அளவில் விரிசல் பிறந்து, ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அதனால்தான் விமானத்தின் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் பார்க்காமல், எத்தனை தடவை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகிறார்கள்.

ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று குறுந்தூரப் பயணங்களாகவே 89,680 தடவை பறந்திருந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் அதன் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். மீதி 94 பேரோடு விமானிகள் அதைத் தரையிறக்கினார்கள். திறந்த கூரையோடு நிற்கும் அந்த விமானத்தின் படம் இன்றும் பராமரிப்பு வகுப்புகளில் காட்டப்படுகிறது.

இதில் நம் மனத்தை உறுத்த வேண்டியது வேறொன்று. அந்த விபத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆணை வந்திருந்தது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டும் இணைப்புகளில் பசை விட்டுப்போகிறது, பாரம் முழுவதும் ரிவெட்டுகள் மேல் விழுகிறது என்று போயிங் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. எல்லா இணைப்புகளையும் சோதியுங்கள் என்று அது தன் அறிவிக்கையில் சொல்லியிருந்தது. அமெரிக்க விமானத் துறை அதை ஆணையாக்கியபோது, மேற்பக்கத்து ஒரு வரிசை இணைப்பை மட்டும் கட்டாயமாக்கியது. அலோஹா அந்த வரிசையைச் சோதித்தது. அதில் கண்ட விரிசலைச் சரியும் செய்தது. கூரை பிய்ந்ததோ அதற்குக் கீழே, கட்டாயமாக்கப்படாத வேறொரு வரிசையிலிருந்து என்று விசாரணை முடிவுசெய்தது. நிறுவனத்தின் பராமரிப்புக் குறைதான் முதல் காரணம். ஆணையைக் குறுக்கியதும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கை வெளிப்படையாக எழுதியது. ஆணையை எழுதுபவர் விட்ட ஒரு வரிக்கு ஓர் உயிர் போனது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வழி சாயம். பாகத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஊடுருவும் சிவப்புச் சாயத்தைப் பூசி, சற்று நேரம் விட்டுத் துடைத்தெடுத்து, வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த சாயம் பொடியில் ஊறி மேலே வந்து சிவப்புக் கோடாகத் தெரியும். அலுமினியத் தகட்டுக்கு எடி கரன்ட் சோதனை வசதியானது. மாறுதிசை மின்னோட்டம் பாயும் சிறு கம்பிச்சுருளைத் தகட்டின் மேல் நகர்த்தினால், தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். விரிசல் குறுக்கே வந்தால் அந்தச் சுழல் வழிமாறும். கருவியின் திரையில் கோடு துள்ளும். பெயின்ட்டைச் சுரண்டாமலே இதைச் செய்யலாம். இன்ஜின் விசிறியின் அலகுக்கு மீயொலி. 2018 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 737 இன்ஜினில் விசிறி அலகு ஒன்று சோர்வால் முறிந்து, தெறித்த பாகங்கள் ஜன்னலை உடைத்து ஒரு பயணி இறந்தார். மூன்றாம் நாளே அவசர ஆணை வந்தது: 30,000 தடவைக்கு மேல் பறந்த அந்த ரக இன்ஜின்களின் விசிறி அலகுகளை 20 நாளுக்குள் மீயொலியால் சோதிக்க வேண்டும்.

இப்படிச் சோதனைகளுக்கு இடைவெளி வைப்பது குருட்டுக் கணக்கல்ல. கருவிக்குத் தெரியும் அளவிலிருந்து உடையும் அளவு வரை விரிசல் வளர எத்தனை பயணம் ஆகும் என்று ஆய்வகத்தில் கணக்கிடுகிறார்கள். ஒரு தடவை கண்ணில் படாமல் தப்பினாலும் அடுத்த தடவை பிடிபடும்படி, அந்தக் காலத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகள் வரும் இடைவெளியை வைக்கிறார்கள்.

மென்பொருளுக்கும் ஆணை உண்டு. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கணினிகளைத் தொடர்ந்து 248 நாள் அணைக்காமல் வைத்திருந்தால், உள்ளே ஓடும் எண்ணி நிரம்பிவழிந்து எல்லா மின்னாக்கிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிடலாம் என்று 2015-இல் தெரியவந்தது. நூறில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டே போனால் 2-இன் 31-ஆம் அடுக்கு நிரம்ப ஆகும் காலம் அது. தீர்வு, அதற்குள் ஒரு முறை மின்சாரத்தை அணைத்துப் போடுவது. அதையும் ஆணையாக எழுதினார்கள். 2025 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த ஆணையின் விளைவை நம்மில் பலர் நேரிலேயே அனுபவித்தோம். அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று விமானி கட்டளையின்றி மூக்கைக் கீழே சாய்த்தது. தீவிரமான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுக் கணினியின் தரவைக் கெடுத்திருக்கக்கூடும் என்றது ஏர்பஸ். சரிசெய்ய வேண்டியவை உலகெங்கும் சுமார் 6,000 விமானங்கள். இந்தியாவில் மட்டும் 338. பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்ற இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஒரு வார இறுதிக்குள் இரவு பகலாகப் பொறியாளர்கள் அதைச் செய்து முடித்தார்கள். விமானம் தாமதமானதைப் பற்றி எழுந்த சத்தத்தில் அவர்களைப் பாராட்டிய குரல் எனக்கு அதிகம் கேட்கவில்லை.

எல்லா எச்சரிக்கையும் ஆணையாவதில்லை. ஆபத்து உறுதிப்படாதபோது ஆலோசனையாக மட்டும் அனுப்புவார்கள். செய்வதும் விடுவதும் நிறுவனத்தின் விருப்பம். 2018 டிசம்பர் 17 அன்று அமெரிக்க விமானத் துறை அப்படி ஓர் ஆலோசனை அனுப்பியது. சில போயிங் 737 விமானங்களில் எரிபொருள் சுவிட்சின் பூட்டு விடுபட்ட நிலையில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதே வடிவமைப்புச் சுவிட்ச் உள்ள மற்ற ரகங்களிலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. அந்தப் பட்டியலில் 787-உம் இருந்தது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விழுந்து, விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தார்கள். விமானம் கிளம்பிய சில நொடிகளில் இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் அணைப்பு நிலைக்குப் போனதாக ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை சொன்னது. அந்தப் பூட்டுச் சோதனை செய்யப்படவில்லை, ஆலோசனை மட்டும் என்பதால் கட்டாயம் இல்லை என்று நிறுவனம் தெரிவித்ததையும் அதே அறிக்கை பதிவுசெய்தது. பூட்டுதான் விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. 2023-க்குப் பிறகு அந்த விமானத்தில் சுவிட்சு பற்றிய புகார் எதுவும் இல்லை என்றும் அது குறிப்பிட்டது. ஆனால் ஜூலை 14 அன்று டி.ஜி.சி.ஏ. அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி ஒரு வாரம் கெடு கொடுத்தது. ஏர் இந்தியா அந்தச் சோதனைக்கு உட்பட்ட தன் விமானங்கள் அனைத்தையும் கெடுவுக்குள் பார்த்துமுடித்து, குறை எதுவும் இல்லை என்று அறிவித்தது. ஏழு நாளில் முடிந்த வேலை அது. ஆறரை ஆண்டு அது விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆணை இருந்தாலும் கெடு தள்ளிப்போவதுண்டு. 2019 அக்டோபரில் இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்களில் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்கள் அடுத்தடுத்து மக்கர் செய்தபோது, 97 விமானங்களின் இன்ஜின்களை 2020 ஜனவரி 31-க்குள் மாற்றச் சொல்லி டி.ஜி.சி.ஏ. உத்தரவிட்டது. மாற்றுவதற்குத் திருத்திய இன்ஜின்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. கெடு மே மாதத்துக்கும், கொரோனா வந்தபின் ஆகஸ்ட்டுக்கும் போனது. உலகத் தொழிற்சாலைகள் தரும் வேகம்தான் நம் பாதுகாப்பின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. தவறான ஆணைகளும் உண்டு: 2018-இல் இந்தோனேசியாவில் 737 மேக்ஸ் விழுந்து 189 பேர் இறந்ததும் அமெரிக்கா அவசர ஆணை போட்டது. அது மென்பொருளைத் திருத்தவில்லை. விமானிகளின் கையேட்டைத்தான் திருத்தியது. நான்கு மாதம் கழித்து எத்தியோப்பியாவில் இன்னும் 157 பேர் இறந்த பிறகே விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

கடைசியில் இவ்வளவும் ஓர் ஆளின் கையெழுத்தில் வந்து நிற்கிறது. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பாகத்தைப் பார்த்து, ஆணையின் எண்ணைப் பதிவேட்டில் குறித்து, தன் பெயரில் ஒப்பமிட்டால்தான் விமானம் பறக்கலாம். அவர் சரியாகச் செய்தாரா என்று தணிக்கை செய்ய வேண்டியவர்கள் டி.ஜி.சி.ஏ. அதிகாரிகள். அந்த அமைப்பில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருப்பதாக 2025-இல் நாடாளுமன்றக் குழு சொல்லியிருக்கிறது. சிறு நகரங்களுக்கெல்லாம் விமானம் விடுவதில் அரசு காட்டும் வேகம் பாராட்டத்தக்கது. அதே வேகம் இந்தப் பணியிடங்களை நிரப்புவதில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் எந்த ஆலோசனைகளைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்ற பட்டியலை டி.ஜி.சி.ஏ. ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேலம், நாமக்கல் மக்களவை உறுப்பினர்கள் இந்த இரண்டையும் அவையில் கேட்க வேண்டும். காமலாபுரத்தில் விமானம் ஏறும் நாம் அவர்களிடம் கேட்க வேண்டும்.