பத்து வயது மகளுக்கு எந்த உடை?

பெண் குழந்தைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் மார்பு அரும்பத் தொடங்குகிறது. ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் சில மாதங்கள் பிந்தியும் வளர்வது இயல்பே. அப்போது துணி உரசினாலும் வலிக்கும். கம்பி வைக்காத மென்மையான பருத்தி உள்ளாடையை மகளையும் உடன் அழைத்துச் சென்று வாங்குங்கள். அளவு மாறிக்கொண்டே இருக்குமாதலால் அரை டஜனாக வாங்கிக் குவிக்க வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் இறுக்கமான லெக்கின்ஸ் நாள் முழுவதும் ஏற்றதன்று. வியர்வை தேங்கும் தொடையிடுக்கில் படர்தாமரை எளிதில் பற்றும்.

துப்பட்டா வேண்டுமா என்பதை அவளிடமே தனியே கேளுங்கள். தந்தையாயினும் பாட்டியாயினும், உறவினர் முன்னிலையில் அவள் உடலைச் சுட்டி உடையைக் குறைகூறலாகாது. அதைக் கேட்ட சிறுமி தோளைக் குறுக்கிக் கூனி நடக்கத் தொடங்கிவிடுவாள்.

8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால், தொளதொளத்த சட்டையால் மறைத்து வைக்காமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.