ஒலிவாங்கிப் பொருத்தம்

கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவரை நம் ஊரிலே எளிதிற் காணலாம். வீடியோ கமராவுக்கு ஒலிவாங்கிப் பொருத்தம் பார்ப்பவரைத் தேடித் திரிந்த கதையொன்றை இங்கே சொல்லப் புகுகின்றேன். இலக்கணமும் புராணமும் கற்பிக்கும் பண்டிதனொருவனுக்கு இத்துறையில் என்ன அலுவல் என அன்பர்கள் வினவுதல் கூடும். கையைச் சுட்டுக்கொண்டவனுக்கு நெருப்பைப் பற்றிச் சொல்ல உரிமையுண்டு என்பதே என் விடை.

2018ஆம் ஆண்டிலே, கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எங்கள் கல்லூரிக்கு ஒரு கமராவை அனுப்பிவைத்தார். என் ஆசிரியருக்கு அப்பொழுது வயது 86. அவரது கந்தபுராண படனத்தைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் மரபு யாழ்ப்பாணத்தார் நன்கறிந்தது. செய்யுள் அச்சிலே உண்டு, உரையும் உண்டு. எந்தச் சீரில் நிறுத்துவது, எந்தச் சொல்லை மீண்டும் எடுப்பது, பயன் சொல்பவருக்கு எங்கே இடம் விடுவது என்பன அச்சில் இல்லை. அவை அவரது மிடற்றிலே இருந்தன.

மாணவன் ஒருவன் நகரத்துக் கடையொன்றுக்குச் சென்று, "மைக் ஒன்று தாருங்கள்" என்று கேட்டுச் சட்டையிற் குத்தும் சிறிய ஒலிவாங்கியொன்றை வாங்கிவந்தான். கமராவை உடன்கொண்டு சென்றானல்லன். கேட்டதைக் கடைக்காரர் கொடுத்தார், அவர்மேற் பிழையில்லை. செருகி துளையினுள்ளே 'டிக்' என்ற ஓசையோடு அழகாகப் பொருந்தியது. கமராவின் திரையிலே ஒலியளவு காட்டும் கோடுகளும் ஆடின. ஐயா வள்ளியம்மை திருமணப் படலத்தை இரண்டு மணி நேரம் வாசித்தார். நான் பயன் சொன்னேன். மாலையிலே போட்டுப் பார்த்தபோது அவருடைய உதடுகள் அசைந்தன. கேட்டதோ 'ம்ம்ம்' என்னும் ஒரு முரற்சி மட்டுமே. அந்தக் காட்சியை இன்னொருமுறை பார்க்கும் துணிவு எனக்கு இன்றளவும் வந்ததில்லை.

நிகழ்ந்தது என்னவென்று பின்னரே விளங்கியது. கமராவின் துளையும் கைத்தொலைபேசியின் துளையும் 3.5 மில்லிமீற்றர் அளவினவே. ஆயின் செருகியை உற்று நோக்கினால் கருநிற வளையங்கள் சில தெரியும். வளையம் 2 ஆயின் உலோகப் பகுதி 3, அது கமராவுக்குரியது. வளையம் 3 ஆயின் உலோகப் பகுதி 4, அது தொலைபேசிக்குரியது. தொலைபேசிச் செருகியில் ஒலிவாங்கியின் கம்பி வந்து முடியும் கடைப்பகுதி, கமராவின் துளையிலே நிலக்கம்பியைத் தொடுகின்றது. ஐயாவின் குரல் முழுவதும் அவ்வழியே போயிற்று. இதனினும் கொடியது ஒன்று: வெளியிலிருந்து செருகி ஏறியதும் கமராவின் உள்ளேயுள்ள ஒலிவாங்கி தானாகவே வாய்மூடிவிடும். ஆகவே, மட்டமான ஒலிதானும் எஞ்சவில்லை. கோடுகள் ஆடின என்றேனல்லவா? ஒலி குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு கமராவில் உண்டு. அது முரற்சியைக் கூட்டிக் கோடுகளை ஆட்டியது. நாங்கள் அதனைக் குரலென்று நம்பினோம்.

மூன்று வளையச் செருகியை இரண்டு வளையத் துளைக்கு ஏற்றதாக்கும் இணைப்புத் துண்டு விலைக்கு உண்டு என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. சில ஒலிவாங்கிகளின் கம்பியிலே ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் கமரா, தொலைபேசி என இருநிலை ஆளி உண்டு. கம்பியில்லாக் கருவி வாங்குவோரும் இவ்விசாரத்திலிருந்து தப்பினாரல்லர். கமராவோடு சேரும் வாங்கிப் பெட்டியிலிருந்து வருவதும் அதே செருகிதான்.

துளை பொருந்தினால் மட்டும் போதாது, ஊட்டமும் வேண்டும். சட்டையிற் குத்தும் ஒலிவாங்கிகள் பெரும்பாலும், 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே ஜேம்ஸ் வெஸ்ற், கெர்ஹார்ட் செஸ்லர் என்னும் இருவர் உருவாக்கிய எலெக்ரெற் வகையின. இவற்றுக்குச் சில வோல்ற் மின்னழுத்தம் வேண்டும். அதனைச் சில கமராக்கள் அதே துளைவழியே கொடுக்கும், சில கொடா. கொடாதவிடத்து ஒலிவாங்கியிலேயே பற்றரி இருத்தல் வேண்டும். ஒலிப்பதிவுக்கூடங்களிலுள்ள பெரிய ஒலிவாங்கிகளோ மூன்று முள் உடையன. அவற்றுட் பல 48 வோல்ற் கேட்பன. அவற்றை வெறும் கம்பியொன்றால் சிறு கமராவோடு முடிந்துவிட்டால் வடிவம் மாறுமேயன்றிப் பசி தீராது. மேடைப் பாடகர் கையிற் பிடிப்பதிலே காந்தமும் கம்பிச்சுருளுமே இருத்தலின் அது ஊட்டம் கேளாது. ஆனால் அது தருவதும் மெல்லிய ஒலியே. கமரா அதனைப் பெருக்கும்போது இரைச்சலும் உடன்பெருகும்.

தொல்காப்பியர் பிறப்பியலிலே, உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தொலியாவதை விளக்குகின்றார். உதட்டைக் கடந்த பின்னர் அவ்வொலி என்னாகும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருளன்று. அது நம் கவலை. திறந்தவெளியிலே தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு காற்பங்காகும். கூரையும் சுவரும் உள்ள மண்டபத்திலோ எதிரொலி குறையாமல் நிற்கும். ஆதலால் பத்தடி தள்ளி நிற்கும் கமராவின் தலையிலே எத்துணைச் சிறந்த ஒலிவாங்கியைப் பூட்டினாலும் ழகரமும் ளகரமும் ஒன்றோடொன்று மயங்கிவிடும். துப்பாக்கிக் குழல்போல நீண்ட ஒலிவாங்கி தூரத்து ஒலியைத் தொலைநோக்கிபோல் அருகே இழுக்கும் என்று நானும் எண்ணியிருந்தேன். அது பக்கத்து ஒலிகளைக் குறைக்கும், அவ்வளவே. மலிவான ஒலிவாங்கியாயினும் நெஞ்சிலே, வாய்க்கு ஒரு சாண் கீழே இருப்பதாயின் விலையுயர்ந்ததனை வென்றுவிடும் என்பது என் துணிபு.

2019இலே மறுபடியும் ஐயாவிடம் சென்றோம். இம்முறை கமராவைக் கையோடு கொண்டு கடைக்குப் போய், அங்கேயே ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டபின்னரே பணம் கொடுத்தோம். எங்கள் கமராவிலே ஹெட்போன் செருகும் துளை இல்லாமையால் வேறு வழியிருக்கவில்லை. வாங்குவோர் அத்துளை உள்ளதைத் தேர்ந்துகொள்வார்களாக. காது கேட்டதையே நம்பலாம், கோடுகளை நம்பலாகாது.

ஆயினும் ஐயா தளர்ந்துவிட்டார். மண்டபம் இல்லை, அவர் வீட்டு உள்ளறை. மின்விசிறியை நிறுத்தினோம். அதே படலத்தை எடுத்தார். 17 நிமிடம் வாசித்தார். அதற்குமேல் மூச்சு இடங்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார். ஒலிவாங்கி அவர் மார்பிலே இருந்தமையால் என் பயன் எங்கோ கிணற்றுக்குள் இருந்து சொல்வதுபோலக் கேட்கின்றது. மாணவர்களுக்கு அதனால் நட்டமில்லை.

பதிவின் தொடக்கத்திலே செய்யுளுக்கு முன்னர் ஐயா என்னைப் பார்த்து, "தம்பி, இப்ப கேக்குதோ?" என்று வினவுகின்றார். கமராவுக்குப் பின்னாலிருந்து மாணவன், "ஓம் ஐயா, நல்லாக் கேக்குது" என்கின்றான். அப்பகுதியை வெட்டிவிடலாமா என்று அவன் பின்னர் என்னைக் கேட்டான். வேண்டாம் என்றேன்.