உஷார்! பதினெட்டு வயது முடிந்ததும் வாசலில் வந்து நிற்பவர்கள்

குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்கள் ஆபத்தான மாதங்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்திருக்கும். வயதும் பதினெட்டைத் தொட்டிருக்கும். "இனிமே உன்னை இங்க வெச்சுக்க ரூல் இல்லம்மா" என்று இல்லத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு போன் வரும். "வேலை ரெடியா இருக்கு. தங்க இடம், மூணு வேளை சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. துணிமணியை மட்டும் எடுத்துட்டு வந்தாப் போதும்."

அப்படி அழைப்பவர் பெரும்பாலும் தெரிந்த முகமாகத்தான் இருப்பார். போன வருடம் அதே இல்லத்திலிருந்து போன அக்காவாக இருக்கலாம், ஊர்ப்பக்கத்து மாமாவாக இருக்கலாம். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர் என்பது பிள்ளைக்குத் தெரியாது. போகாதே என்று சொல்லவும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்பா, அம்மாவோடு வளர்ந்த பதினெட்டு வயதுப் பையன் ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். நாலு நாள் திட்டு வாங்குவான், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். இல்லத்துப் பிள்ளைக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. ஆள் பிடிப்பவர்கள் குறிவைப்பது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

இல்லத்தில் வளர்ந்து வெளியே வந்த ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். ஐம்பது, அறுபது பேருக்குச் சோறு வேகிற அண்டாவைத் தினமும் பார்த்து வளர்ந்தவள். ஆனால் தனக்கு மட்டும் சமைக்க எத்தனை டம்ளர் அரிசி போடுவது என்று தெரியாமல், முதல் நாள் பக்கத்து அறைக்காரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். வீட்டுச் சாவி என்று ஒன்று அதுவரை அவள் கையில் இருந்ததே இல்லை. வங்கிக்குப் போனால் ஓடிபி வார்டனுடைய நம்பருக்குப் போகிறது. அந்த வார்டனோ வேலை மாறிப் போய்விட்டார். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளையை ஒரே நாளில் நகரத்து வாடகை அறையில் விட்டால் அது தடுமாறத்தானே செய்யும்? இதைப் பிள்ளையின் குறையாக யாராவது பேசினால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது நினைவிருக்கும். மூன்று வருடம் வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண்களைச் சேர்த்தார்கள். தங்குவது மில் வளாகத்துக்குள்ளேயே. வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு. இடையில் உடம்பு முடியாமல் கிளம்பியவர்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கைக்கு வரவேயில்லை. அந்தப் பெயரைச் சொல்லி இன்று யாரும் கூப்பிட மாட்டார்கள். 'டிரெய்னிங்', 'படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்', 'ஹாஸ்டலோடு வேலை' என்று வேறு பெயர்களில் வருவார்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ் இளைஞர்களுக்கும் முதலில் சொல்லப்பட்டது வேலை, தங்குமிடம், சாப்பாடு என்றுதான்.

எனவே முதல் எச்சரிக்கை இது. வேலை கொடுப்பவரும் தங்க இடம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் நின்று யோசியுங்கள். வேலையை விட்டால் அன்று இரவே தெருவில் நிற்க வேண்டிவரும் என்ற பயத்தில் பிள்ளை எதையும் பொறுத்துக்கொள்ளும். ஹாஸ்டலோடு வேலை தருகிற எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆதார், டிசி, மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? சம்பளம் மாதாமாதம் பிள்ளையின் கணக்குக்கே வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி உண்டா? கையில் அட்வான்ஸ் திணிக்கிறார்களா? அட்வான்ஸைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். பெண்கள் தங்கும் விடுதி என்றால் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். "லைசென்ஸைக் காட்டுங்க சார்" என்று கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

சரி, அந்த வாசலுக்குப் போகாவிட்டால் பிள்ளை எங்கே போகும்? இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. அது இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-வது பிரிவு, பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு உதவ வழி செய்கிறது. அதற்குப் பிற்காப்பு என்று பெயர். அலுவலகங்களில் ஆஃப்டர் கேர் என்பார்கள். 21 வயது வரை இந்த உதவி உண்டு. விதிவிலக்கான சூழ்நிலையில் இன்னும் இரண்டு வருடம் நீட்டலாம் என்று 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தங்கும் குழு வீடு, படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ உதவித்தொகை, தொடர்ந்து விசாரித்துக்கொள்ள ஓர் ஆலோசகர் என்று அந்த விதிகளில் விவரமாகவே இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். சென்னையில் மூன்று பேர் தங்கும் அறையில் சாப்பாட்டோடு ஒரு கட்டிலுக்கே அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்கள். தொகை போதாதுதான், அதற்காக விட்டுவிடக் கூடாது.

பிற்காப்புக்கும் காலக்கெடு இருக்கிறது. பிள்ளை வெளியே போவதற்கு இரண்டு மாதம் முன்பே, எங்கே தங்கும், என்ன படிக்கும், செலவுக்கு என்ன வழி என்று ஒரு திட்டம் எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். வழக்கில் சிக்கிய பிள்ளை என்றால் இளைஞர் நீதிக் குழுமத்திடம். எழுத வேண்டியவர் நன்னடத்தை அலுவலர் அல்லது இல்லத்தின் குழந்தை நல அலுவலர். அது எழுதப்படாவிட்டால், பிள்ளை 'உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்ற ஒரு வரியோடு ஃபைல் மூடப்படும். பத்து வருடம் எட்டிப் பார்க்காத சித்தப்பா ஒருவர் அன்றைக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போடுவார். பெண்பிள்ளை என்றால், பதினெட்டு முடிந்த கையோடு யாரோ ஒருவனுக்குக் கட்டி வைக்கவும் இப்படித்தான் உறவு முளைக்கும்.

ஆகவே தம்பி, தங்கச்சிகளே, 'என் சொந்த விருப்பத்தில் வெளியேறுகிறேன்' என்று எழுதிய தாளை யார் நீட்டினாலும், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "எனக்கு ஆஃப்டர் கேர் வேணும்" என்று உங்கள் கைப்பட ஒரு மனு எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுங்கள். நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். அங்கேயும் அலைக்கழித்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பிறந்த தேதி விஷயத்திலும் கவனமாக இருங்கள். இல்லத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆவணத்தில் இருப்பது, பள்ளியில் சேர்த்தவர் குத்துமதிப்பாகச் சொன்ன தேதி. அந்தத் தேதி பிளஸ் டூ நடுவில் வந்து விழுந்தால் படிப்பே அறுந்துபோகும். ஜூன் மாதமே காலண்டரைப் பார்த்து, எப்போது பதினெட்டு முடிகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது இல்லத்தின் பொறுப்பு.

உதவியோடு தங்கும் இடம் என்றால் எப்படி இருக்க வேண்டும்? பிள்ளையின் கையில் சாவி இருக்க வேண்டும். சமையலைப் பங்கு போட்டுச் செய்ய வேண்டும். மாதக் கடைசியில் பணம் தீர்ந்துபோனால் திட்டித் துரத்தாமல், எங்கே போயிற்று என்று கூட உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். தப்புச் செய்து பழகவும் இடம் வேண்டும். மொட்டை மாடியில் பதினைந்து கட்டில் போட்டுவிட்டு, நன்கொடையாளர் வந்தால் வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுக்கிற இடத்தை நான் பிற்காப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்காணிப்பாளர் யார், இரவில் பிரச்சினை என்றால் யாரை அழைப்பது, எந்த உத்தரவின் பேரில் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

காகிதங்களை இல்லத்தில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு முகவரிச் சான்றுக்கே நாய் படாத பாடு. ஆதாரில் பிள்ளையின் சொந்த மொபைல் எண் வேண்டும். மைனர் கணக்காகத் தொடங்கிய வங்கிக் கணக்கைப் பதினெட்டு முடிந்ததும் புதுக் கையெழுத்தோடு மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் உதவித்தொகையை எடுக்க முடியாமல் போகலாம். சாதிச் சான்று கிடைக்காது என்று சிலர் கைவிரிப்பார்கள், நம்ப வேண்டாம். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் தனியாகவே சேர்த்திருக்கிறது. தாசில்தார் அலுவலகம் கேட்கும் சேர்க்கை ஆவணம் இல்லத்தின் பீரோவில் இருக்கிறது. பிள்ளை வெளியேறிய பிறகு அதைத் தேடி எடுத்துத் தர யாருக்கு நேரம் இருக்கும்?

பதினெட்டு முடிந்தவர்களுக்கு விரிக்கப்படும் வலை இன்னொன்றும் உண்டு. "உன் பேர்ல ஒரு அக்கவுன்ட் ஓபன் பண்ணிக் கொடு, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் என்கிட்ட கொடு, மாசம் ரெண்டாயிரம் தர்றேன்" என்பார்கள். அந்தக் கணக்கில் வந்து விழுவது யாரோ ஏமாந்த பணம். போலீஸ் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். வாடகைக்குக் காசில்லாத பிள்ளை இதில் சுலபமாக விழும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றே வங்கியில் சொல்லி முடக்குங்கள், 1930-க்கும் தகவல் சொல்லுங்கள்.

இல்லங்களுக்கு வருடா வருடம் பிறந்தநாள் சாப்பாடு போடுகிற நல்ல மனிதர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது, இந்த வருடம் பதினெட்டு முடிகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குத் திட்டம் எழுதியாயிற்றா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். பிள்ளைகளின் பெயரோ போட்டோவோ வேண்டாம். கேள்வி மட்டும் போதும்.

திட்டம் இல்லாமல் ஒரு பிள்ளை வெளியே அனுப்பப்படப் போகிறது என்று தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள். அது குழந்தைகளுக்கான எண் என்பதால், பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முன்பே அழைத்துவிடுங்கள்.