மலைக் கிராமங்களில் விறகு வெப்பம்: முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

காஷ்மீரில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி 40 நாள்கள் நீடிக்கும் கடுங்குளிர் காலத்துக்குச் ‘சில்லை கலான்’ என்று பெயர். அந்நாள்களில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது உயிர் சார்ந்த தேவை. இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர், உத்தராகண்டின் சமோலி, லடாக்கின் திராஸ் என இமயமலைப் பகுதி முழுவதற்கும் இது பொருந்தும்.

இங்குள்ள கிராமங்களில் அந்த வெப்பம் இன்றும் பெரிதும் விறகிலிருந்தே கிடைக்கிறது. காஷ்மீரில் புகைபோக்கியுடன் கூடிய தகர அடுப்பான ‘புகாரி’, கல்தளத்துக்கு அடியில் நெருப்பு மூட்டி அறையையே சூடாக்கும் ‘ஹமாம்’, கூடைப் பின்னலுக்குள் வைத்த மண்சட்டியில் கரித்தணல் இட்டு, மேலங்கிக்குள் ஏந்திக்கொள்ளும் ‘காங்கிரி’ ஆகியவை வழக்கில் உள்ளன. இமாச்சலத்தின் மேட்டுப் பகுதிகளில் அறை நடுவே நிற்கும் இரும்பு அடுப்பைத் ‘தந்தூர்’ என்கிறார்கள். ரொட்டி சுடும் தந்தூரிலிருந்து இது வேறுபட்டது. சமைக்கவும் குளிர்காயவும் உதவுவது.

எனவே, விறகுக்கு மாறலாமா என்பது இக்கிராமங்களின் கேள்வி இல்லை. ஐரோப்பாவில் பரவலாக உள்ள மரத்தூள் பெல்லட் அடுப்புகள், மரச்சில்லுக் கொதிகலன்கள், பல வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர் அனுப்பும் பொது வெப்ப நிலையங்கள் போன்றவற்றை ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்ற பெயரில் ஏற்கலாமா என்பதே கேள்வி. அதற்குப் பொதுவான விடை கிடையாது. ஒவ்வொரு கிராமமும் தன் காட்டையும் தன் வீடுகளையும் அளந்து பார்த்தே விடை காண வேண்டியுள்ளது.

விறகு எப்போது புதுப்பிக்கத்தக்கது?

ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி-யின் இயல்பு மதிப்பீட்டின்படி, ஒரு டெராஜூல் வெப்பத்துக்கு விறகு எரிக்கப்பட்டால் சுமார் 112 டன் கரியமில வாயு வெளியாகிறது. அதே வெப்பத்துக்கு நிலக்கரி சுமார் 95 டன்னும், சமையல் எரிவாயு 63 டன்னும் வெளியிடுகின்றன. அதாவது, எரியும் நேரத்தில் விறகு நிலக்கரியைக் காட்டிலும் மோசமானது.

இருந்தும் அது புதுப்பிக்கத்தக்க எரிபொருளாகக் கருதப்படுவதற்குக் காரணம், வளரும் மரம் அந்த வாயுவை மீண்டும் உள்வாங்கிக்கொள்ளும் என்பதுதான். இதற்குக் காலம் முக்கியம். காய்ந்து விழுந்த கிளையையோ கத்தரித்த ஆப்பிள் கொப்பையோ எரித்தால், எப்படியும் மக்கி வெளியேறியிருக்கும் வாயுவே சற்று முன்னதாக வெளியேறுகிறது. நன்கு வளர்ந்த கருவாலி மரத்தை வெட்டி எரித்தாலோ, அந்தக் கடன் தீரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் காடு வளர்வதைவிட அதிகமாக எடுக்கும் ஊரில் விறகும் தோண்டி எடுக்கும் எரிபொருள் போன்றதே.

60 வீட்டு ஊரின் கணக்கு

ஒரு வீடு நாளொன்றுக்கு 15 கிலோ விறகு எரிக்கிறது, குளிர்காலம் 150 நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,250 கிலோ. 60 வீடுகள் உள்ள ஊருக்கு 135 டன். அந்த ஊர் பயன்படுத்தக்கூடிய காடு 100 ஹெக்டேர். பச்சை மரத்தைத் தொடாமல் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு ஒரு டன் மட்டும் எடுக்கலாம் எனில், கிடைப்பது 100 டன். ஆண்டுதோறும் 35 டன் காட்டின் முதலிலிருந்து போகிறது. இவை விளக்கத்துக்கான எண்களே. காட்டுக்குக் காடு, உயரத்துக்கு உயரம் இது மாறும். ஆனால், இந்த மூன்று எண்களையும் எழுதிப் பார்க்காமல் எந்தக் கொதிகலனையும் வாங்குவது பொருளற்றது.

இதே கணக்கை வேறு விதமாகவும் போடலாம். ஒரு தலைச்சுமை 25 கிலோ என்றால், ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 90 சுமை; ஊருக்கு 5,400 சுமை. மலைச்சரிவில் ஏறி இறங்கி இவற்றைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விறகை ‘இலவசம்’ என்று குறிப்பிடும் திட்ட அறிக்கைகள் இந்த உழைப்புக்கு மதிப்புப் போடுவதில்லை. முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் முன்வரிசையில் இருக்க வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

காடு யாருடையது என்பதும் இங்கே எழும். கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டத்துக்கு உட்பட்டே காடுகளில் மரம் வெட்ட முடியும். மறுபுறம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் புதர்க்கட்டை, அடிக்கட்டை போன்றவற்றைச் சிறு வனப்பொருள்களாக ஏற்று, அவற்றைச் சேகரிக்கும் உரிமையையும், சமூகக் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமையையும் அளிக்கிறது. உத்தராகண்டில் 1931-ஆம் ஆண்டு விதிகளில் தொடங்கிய வனப் பஞ்சாயத்துகள் ஏற்கெனவே உள்ளன. உரிமை எழுத்தில் உறுதியாகாத ஊர், விறகை நம்பிப் பெரும் முதலீட்டில் இறங்குவது ஆபத்தானது.

பைன் சருகு: வாய்ப்பும் சிக்கலும்

மரத்தை வெட்டாமல் கிடைக்கும் எரிபொருளாக அதிகம் பேசப்படுவது சிர் பைன் மரத்தின் ஊசியிலைச் சருகு. உத்தராகண்டில் இதற்குப் ‘பிரூல்’ என்று பெயர். கோடையில் கனத்த படுக்கையாகக் காட்டுத் தரையை மூடும் இச்சருகு, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காட்டுத்தீக்கு முக்கியக் காரணம். அதை அகற்றி அமுக்கிக் கட்டிகளாக்கினால், தீயும் குறையும், எரிபொருளும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றுவது இயல்பு.

உத்தராகண்ட் அரசு பைன் சருகிலிருந்து மின்சாரம் தயாரிப்பதற்கான கொள்கையை 2018-இல் வெளியிட்டது. பெரும் காட்டுத்தீக்குப் பின் 2024 மே மாதம் ‘பிரூல் கொண்டு வாருங்கள், பணம் பெறுங்கள்’ என்ற பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கிய முதலமைச்சர் புஷ்கர் சிங் தாமி, கிலோவுக்கு 50 ரூபாய் வழங்கப்படும் என்று அறிவித்தார். தீத்தடுப்புக்கான ஊக்கத்தொகையாக இதைப் புரிந்துகொள்ளலாம். எரிபொருள் விலையாகப் பார்த்தால், ஒரு கிலோ சருகு தரும் வெப்பம் ஏறத்தாழ 4 யூனிட். யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல். எரிவாயு உருளையே இதைவிட மலிவு. ஊக்கத்தொகை நிற்கும் நாளில் அடுப்புக்கான சருகும் நின்றுவிடுமா என்று ஊர் கேட்டாக வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. சருகு எடை குறைவு, இடம் அதிகம். லாரியில் ஏற்றினால் பெரும்பகுதி காற்றையே சுமப்பதாகும். எனவே, அமுக்கும் இயந்திரம் காட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மரத்தைவிடச் சாம்பல் கூடுதல் என்பதால் அடுப்பை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். சருகு சேர்வது கோடையில், தேவைப்படுவது குளிரில். இடையே ஆறு மாதம், மழைக்காலம் உட்பட, எளிதில் தீப்பற்றும் பொருளை நனையாமல் பாதுகாக்க வேண்டும். சிர் பைன் வளர்வது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் வரையிலான சரிவுகளில். குளிர் மிகக் கடுமையாக இருப்பதோ அதற்கு மேலே. இதை ஏனோ பலர் கவனிப்பதில்லை.

போட்டியும் உள்ளது. நிலக்கரி அனல்மின் நிலையங்கள் 5 சதவீத அளவுக்குத் தாவரக் கழிவு பெல்லட்டுகளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என மத்திய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் வகுத்த கொள்கை கூறியது. பெல்லட்டை வெளிச்சந்தையில் வாங்க எண்ணும் கிராமம் அந்தப் பெரிய நுகர்வோருடன் விலையில் போட்டியிட நேரும்.

காய்ந்த விறகும் கசியாத வீடும்

மின்கட்டணத்தில் நாம் அறிந்த யூனிட்டையே வெப்பத்துக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம். நன்கு காய்ந்த, 20 சதவீத ஈரப்பதமுள்ள விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும். பாதி எடை நீராக உள்ள பச்சை விறகு 2 யூனிட்டே தரும். எரியும் மரம் எடையில் பாதியே; அது தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. விறகு கிலோ 10 ரூபாய் எனக் கொள்வோம். காய்ந்த விறகை 60 சதவீதத் திறனுள்ள மூடிய அடுப்பில் எரித்தால், அறைக்குக் கிடைக்கும் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை சுமார் 4 ரூபாய். ஈர விறகை 30 சதவீதத் திறனுள்ள பழைய தகர அடுப்பில் எரித்தால், அதே யூனிட் 16 ரூபாயைத் தாண்டும். கூரையுள்ள ஒரு விறகுக் கொட்டகை, விலை உயர்ந்த அடுப்பைவிட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

வீட்டின் கட்டுமானமும் இதே அளவு முக்கியம். கல்லையும் மரத்தையும் அடுக்கிய கனத்த சுவர்கள் கொண்ட இமாச்சலத்தின் ‘காட்-குனி’ வீடுகள் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றின் இடத்தில் எழும் கான்கிரீட் வீடுகள், உரிய வெப்பக் காப்பு இல்லாதபோது விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. கூரைக்கு அடியில் காப்புப் பரப்பி, சன்னல் இடுக்குகளை அடைத்து, நல்ல அடுப்பும் வைத்து விறகுச் செலவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், முன்னர் பார்த்த ஊரின் 135 டன் 90 டன்னாகும். காடு தரும் 100 டன்னுக்குள் அது அடங்கிவிடும்.

புகை

உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல்படி பிஎம் 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவின் தர அளவு 40. குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகளின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்வதால், கீழே எழும் புகை கலையாமல் தங்கிவிடுகிறது. ஆகவே, ஒரு வீட்டுக்கு ஏற்ற அடுப்பு 500 வீடுகளுக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. புகைக்கரி பனிப்பரப்பில் படிந்து பனி உருகுவதை விரைவுபடுத்தும் என்பது இமயமலைக்கு உரிய கூடுதல் கவலை.

மூடிய அறையில் கரித்தணலை வைத்து உறங்குவோர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறப்பது குளிர்காலந்தோறும் செய்தியாகிறது. அவ்வாயுவுக்கு மணமில்லை. எந்தத் திட்டமானாலும் புகைபோக்கிச் சுத்திகரிப்பும், படுக்கையறையில் தணல் வைப்பதற்குத் தடையும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பொது நிலையமா, தனி அடுப்பா?

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில், சுமார் 750 பேர் வாழும் யூண்டே கிராமம் 2005-இல் சாண எரிவாயு நிலையத்தையும் மரச்சில்லுக் கொதிகலனையும் அமைத்து, குழாய் வழியே வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பத் தொடங்கியது. தொடக்கத்தில் மக்களின் கூட்டுறவு அமைப்பே இதற்கு உரிமையாளராக இருந்தது. ஏறத்தாழ 70 சதவீத வீடுகள் இணைந்தன. அத்தனை வீடுகள் சேராமல் குழாய்ச் செலவு கட்டுப்படியாகாது. செங்குத்துச் சரிவில் சிதறிக் கிடக்கும் இமயமலை வீடுகளுக்கு அந்த மாதிரி பொருந்துவது அரிது. பகலெல்லாம் வெப்பம் வேண்டும் பள்ளி, விடுதி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகிய கட்டடங்களில் சிறிய கொதிகலனை முதலில் சோதிப்பதே நடக்கக்கூடியது. சாம்பல் அள்ளுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஊதியம் பெறும் ஓர் ஆள் இல்லாவிட்டால், அதுவும் இரண்டாம் ஆண்டே துருப்பிடிக்கும்.

சில இடங்களில் விறகு சரியான விடையே ஆகாது. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் லே பகுதியில் வில்லோவும் பாப்லரும் பாசன நீரில்தான் வளர்கின்றன. வெயிலோ தாராளம். தெற்கு நோக்கிய கண்ணாடிச் சுவரும் கனத்த மண்சுவரும் கொண்டு பகல் வெயிலைச் சேமிக்கும் கட்டடங்கள் அங்கே பயன் தருவதை, பே கிராமத்தில் உள்ள செக்மோல் வளாகம் காட்டியுள்ளது. மின்சாரத்தையே நம்பவும் வரம்பு உண்டு. இமாச்சலத்தின் நீர்மின் உற்பத்தி ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில்தான் குறைகிறது.

முடிவெடுக்க நினைக்கும் கிராம சபை முதலில் செய்யக்கூடியது எளிது: ஐந்தாறு வீடுகளில் ஒரு குளிர்காலம் முழுவதும் எரியும் விறகைத் தராசில் நிறுத்து எழுதி வைப்பது. விறகு காயக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். இடையில் பருவமழை வேறு. ஆகவே, வரும் டிசம்பருக்கான கூட்டத்தை இளவேனிலிலேயே, மார்ச் மாதத்துக்குள் கூட்டியாக வேண்டும்.