ஆயுதம் நடத்தும் வகுப்பு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டைக்கு 1748 ஜனவரியில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் வந்து சேர்ந்தார். கம்பெனியின் உதிரிக் காவலாட்களைப் படையாக்கும் வேலை. துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டால் ஒருவன் சிப்பாயாகிவிட மாட்டான். தோட்டாத்தாளைப் பல்லால் கடி, மருந்தைக் கொட்டு, கெட்டி, தோளில் ஏற்று, சுடு: அக்கால டிரில் உடலைத் துண்டு துண்டாக்கித் துப்பாக்கியோடு கோத்தது. ஃபூக்கோ விரிவாகப் பேசியது இந்தக் கோத்தலைத்தான். ஆனாலும் பயிற்சி அன்று ஆயுதத்துக்கு வெளியே, கத்துகிறவனின் தொண்டையில் இருந்தது. இன்று அது ஆயுதத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது.

கருவிக்குள் பாடம் என்பது சிதம்பரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. கட்டடமே பாடநூல். (இதே கோயிலைக் கோட்டையாக்கித்தான் ஹைதர் அலியின் படை 1781 ஜூனில் அயர் கூட்டை விரட்டியடித்தது.) ஆனால் கல் தன்னைக் கல் என்று காட்டிக்கொள்கிறது. நவீன ஆயுதத்தின் திரை அப்படியில்லை.

போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் கணினிக்குள்ளேயே பயிற்சி நிரல் இருக்கிறது. அது ரேடார் திரையில் இல்லாத விமானங்களைப் பறக்கவிடும். மாலுமிகள் தினமும் உட்காரும் அதே இருக்கையில், அதே பொத்தான்களால் அவற்றைச் ‘சுடுவார்கள்’. யார் எங்கே தடுமாறினார் என்பதும் பதிவாகும். எண்ணெய் மிச்சம், ஏவுகணை மிச்சம், கரையில் தனிக்கூடம் தேடிப் போகவேண்டியதில்லை. 2021இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் சிமுலேட்டர்களை முப்படைகளிலும் பெருக்கக் கொள்கை வகுத்தபோது சொன்ன காரணங்களிலும் சிக்கனம் உண்டு. பொய் இலக்குக்குத் தனி அடையாளம் வேண்டும், பயிற்சியில் பொத்தானைத் தட்டினால் நிஜ ஏவுகணை கிளம்பக் கூடாது. அதற்கெல்லாம் பூட்டு வைத்துவிடுவார்கள், பொறியாளர்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

மனசுக்குப் பூட்டு?

1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பல் ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் செத்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கப்பலின் கணினிப் பதிவே அதைத்தான் சொன்னது. உள்ளே இருந்தவர்களோ இறங்குது, தாக்க வருதுன்னு சொன்னார்கள். முன்கூட்டியே மனதில் இருந்த காட்சிக்கு ஏற்பத் தகவலைத் தங்களையறியாமல் வளைத்துக்கொண்டார்கள் என்ற பொருளில் அமெரிக்கக் கடற்படை விசாரணையே எழுதியது. பயிற்சி நிரல் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கணினி சரியாகச் சொல்லியும் கண் வேறொன்றைப் படித்தது என்கிறேன். அப்படியானால் கண்ணைப் பழக்கும் காட்சியை யார் எழுதுகிறார்கள்? அதில் எத்தனை முறை பயணிகள் விமானம் வருகிறது? சுடாமல் விட்டவனுக்கு அதில் மதிப்பெண் உண்டா?

லாரன்ஸின் டிரில் திறந்த திடலில் நடக்கக்கூடியது, வேடிக்கை பார்க்கலாம். இந்த நிரல்களோ ராணுவ ரகசியம். அவற்றில் எதிரியாக வருவது யார் முகம் என்று நாம் எட்டிப்பார்க்க வழியில்லை.