குப்பையிற் பிறந்த பொன்னாடை

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாடு, ஆங்கிலேயர் ஆட்சியில் கோல்டு கோஸ்ட் என வழங்கியது. அந்நாட்டின் அன்யாகோ என்னும் ஊரில் 1944-ஆம் ஆண்டு எல் அனாட்சுயி பிறந்தார். அவர் தந்தையார் மீன் பிடிப்பவர். கெண்டே என்னும் பன்னிறத் துணி நெய்வதிலும் வல்லவர்.

குமாசி நகரின் கலைக்கல்லூரியில் அனாட்சுயி கற்றவை பெரும்பாலும் மேனாட்டு முறைகளே. தம் நாட்டுக் கலையை அறியும் வேட்கை அவரை உள்ளூர்க் கைவினைஞரிடம் செலுத்தியது. அங்காடியிற் பண்டங்களைப் பரப்பும் மரத்தட்டுகளை வாங்கி, காய்ச்சிய இரும்பால் மரபுக்குறிகளைச் சுட்டுப் பொறித்தார். 1975-இல் நைஜீரியா சென்று, என்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் 2011 வரை கற்பித்தார்.

1990-களின் இறுதியில் அந்நகருக்கருகே மதுப்புட்டி மூடிகள் நிறைந்த பை ஒன்றை அவர் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறுங் குப்பை. அவரோ அம்மூடிகளைத் தட்டியும், மடித்தும், முறுக்கியும், செப்புக் கம்பியாற் பிணைத்தார். உதவியாளர் பலர் நெடுநாள் உழைக்க, ஆயிரக்கணக்கான மூடிகள் சுவரளாவிய ஒரே விரிப்பாயின. பொருள் உலோகம்; தோற்றமோ தந்தையார் நெய்த துணியை நினைவூட்டுவது. சுவரையும் வெளியையும் தழுவி அமையும் இத்தகைய படைப்பை நிறுவற்கலை என்பர்.

மூடியை அவர் தேர்ந்ததற்குக் காரணம் அழகு மட்டுமன்று. ஐரோப்பிய வணிகர் மதுவைக் கொணர்ந்து ஆப்பிரிக்காவில் விற்றனர். அதற்கு மாறாக மனிதரையே அடிமைகளாகக் கொண்டனர். அவ்வடிமைகள் அட்லாண்டிக் கடலுக்கப்பாற் கரும்புத் தோட்டங்களில் வருந்தினர். அக்கரும்பின் பாகிலிருந்து வடித்த ரம் என்னும் மது, மீண்டும் ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தது. இக்கொடுஞ் சுழற்சியின் நினைவு ஒவ்வொரு மூடியிலும் உறைந்துள்ளது.

இவ்விரிப்புகளுக்கு நிலைத்த வடிவம் இல்லை. எவ்வாறு மடித்துத் தொங்கவிடுவது என்பதைக் காட்சிக்கூடத்தாரிடமே அவர் விட்டுவிடுவதுண்டு. சிற்பம் மாறாதிருத்தல் வேண்டும் என்பார் இதனை ஏற்கத் தயங்குவர். உடுப்பவர்க்கேற்ப மடிப்பு மாறுதல் ஆடைக்குக் குறையாகுமோ?

2007-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில், பழைய மாளிகையொன்றின் முகப்பை அவர் விரிப்பு அணி செய்தது. அந்நகரின் கலைவிழாவில் 2015-இல் வாழ்நாட் பணிக்குரிய பொற்சிங்கப் பரிசு பெற்றார். 2023-இல் லண்டனின் டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தில் அவர் அமைத்த பெரும் படைப்பின் முதற்பகுதி, காற்றிற் புடைத்த கப்பற்பாயை ஒத்திருந்தது. அக்கூடம் தாங்கிய பெயருக்குரிய ஹென்றி டேட், சர்க்கரைத் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர்.